ஓங்கிய கை

பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டார்கள் என்று சத்யப்ரியா முதலில் சொன்னது எலும்பு டாக்டரிடம்தான். கலாவதி வாயைத் திறப்பதற்குள் மருமகள் முந்திக்கொண்டாள். டாக்டரும் மேற்கொண்டு எதையும் கேட்கவில்லை. மணிக்கட்டுக்கு மேலே எலும்பு முறிந்திருக்கிறது என்று படத்தைக் காட்டிச் சொன்னார். வலது கைக்கு முழங்கை வரை மாவுக்கட்டுப் போட்டு, கழுத்தோடு ஒரு துணியில் தொங்கவிட்டு அனுப்பினார். அதன் பிறகு அந்தப் பேச்சு தானாகவே ஊர் சுற்றக் கிளம்பிவிட்டது. கலாவதியின் கணவர் சிவராஜ் அதை நம்பினார். பிள்ளையார்பாளையத்தில் அவர்கள் தெருவே நம்பியது.

நடந்தது வேறு.

அன்றைக்குச் சாயங்காலம் நல்ல மழை. ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் சத்யப்ரியா, கம்பெனி பஸ்ஸில் இறங்கிப் பாதி நனைந்து வீட்டுக்கு வந்தாள். மழைக்கோட்டைக் கழற்றிக் கைக்கு எட்டிய ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போனாள். அந்த ஆணி தறிக்கு நேர் மேலே இருந்தது. கோட்டிலிருந்து சொட்டிய தண்ணீர் தறியில் நீட்டியிருந்த பட்டு இழைகளின் மேல் விழுந்து, உள்ளங்கை அகலத்துக்குக் கறையாகிவிட்டது. சிவராஜ் குனிந்து பார்த்தார். "நாலு இழைதான். காஞ்சா சரியாப் பூடும், வுடு" என்று சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். கலாவதியால் விட முடியவில்லை.

ஆனந்தகுமார் அவளுக்கு ஒரே பிள்ளை. கூட வேலை பார்க்கிற பெண்ணைத்தான் கட்டிக்கொள்வேன் என்று வந்து நின்றவன். பெண் வீட்டார் கூரம் கிராமத்தில் பயிர் வைக்கிறவர்கள். தறி பக்கமே வராதவர்கள். கலாவதி இழுத்தடித்துப் பார்த்துக் கடைசியில் சரி என்றாள். வாய்தான் சரி என்றது. உள்ளே ஏதோ ஒன்று ஒப்பாமலே கிடந்தது. அது அன்றைக்கு வெளியே வந்தது. மழைக்கோட்டில் ஆரம்பித்த திட்டு, வீட்டுக்கு வருகிற நேரம், குனிந்து பெருக்காத மூலை என்று எங்கெங்கோ போய், "உங்கம்மா வளத்த லட்சணம் இது" என்பதில் வந்து நின்றது.

அதுவரை "சாரி அத்த, சாரி அத்த" என்று துண்டால் ஈரத்தை ஒற்றிக்கொண்டிருந்த சத்யப்ரியா நிமிர்ந்தாள்.

"என்னைத் திட்டுங்க. எங்கம்மாவ எதுக்கு இழுக்கறீங்க? அவங்க உங்களைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாப் பேசினதில்ல."

அந்தப் பெண் சொன்னதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் கலாவதிக்குப் பொறுக்கவில்லை. கை தன்னால் ஓங்கிவிட்டது என்று பிற்பாடு எத்தனையோ முறை தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். தன்னால் ஓங்கவில்லை. அவள்தான் ஓங்கினாள், கன்னத்தைப் பார்த்து முழு வீச்சில் வீசினாள். சத்யப்ரியா சட்டென்று பின்னால் நகர்ந்துகொள்ள, கை போய்க் கதவு நிலையில் மோதியது. எலும்பு முறிந்த சத்தம் இரண்டு பேருக்கும் கேட்டது.

வலியில் கலாவதி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சத்யப்ரியா கொஞ்ச நேரம் சுவரோடு ஒட்டி நின்றாள். பிறகு ஸ்கூட்டி சாவியை எடுத்து வந்து, "எழுந்திருங்க. டாக்டராண்ட போலாம்" என்றாள். அத்தை என்று சொல்லவில்லை.

பொய்யை மருமகளே சொன்னதில் முதல் நாள் கலாவதிக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. பயந்துவிட்டாள் என்றுகூட நினைத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் குளிக்கப் போனபோது அந்த நினைப்பு போய்விட்டது. மாவுக்கட்டின் மேல் பாலித்தீன் பையைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டுவிட்டு, சத்யப்ரியா சொம்பைக் கையில் எடுத்தாள். கல்யாணமான நாளிலிருந்து புருஷன் எதிரில்கூடச் சேலை மாற்றாதவள் கலாவதி. இப்போது பாவாடையை மார்பு வரை ஏற்றிக் கட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அடிக்கப் போன பெண் அவள் முதுகைத் தேய்த்தாள். கையை மேலே தூக்குங்க, திரும்புங்க, கண்ணை மூடிக்குங்க என்று தேவைக்கு மட்டும் பேசினாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் கலாவதிக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அவளுக்காகவே சத்யப்ரியா மத்தியான ஷிப்டுக்கு மாற்றி வாங்கிக்கொண்டாள். காலையில் தலை பின்னிவிடுவது, ரவிக்கைக் கொக்கி மாட்டுவது, கொசுவம் வைத்துச் செருகிவிடுவது எல்லாம் அவள்தான். அப்புறம் சாப்பாடு. இடது கையால் சாப்பிடக் கலாவதிக்கு மனம் ஒப்பவில்லை. அது கழுவுகிற கை. ஸ்பூனைப் பிடித்துப் பார்த்தாள். சாம்பார் சோறு வாய்க்குப் போகும் முன் மடியில் விழுந்தது. சத்யப்ரியா தட்டை வாங்கிப் பிசைந்து ஊட்டினாள். விரல் உதட்டில் படும்போதெல்லாம் கலாவதி வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றும். வாயில் சோறு இருக்கிறது என்று சாக்குச் சொல்லிக்கொள்வாள். சோறு இறங்கியதும், "ரசம் நல்லா இருக்குது" என்பாள். சொல்ல வந்தது அதுவல்ல என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

முன்பெல்லாம் வேலை முடிந்து வந்தால் சத்யப்ரியா அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து போனில் ஏதாவது காட்டிச் சிரிக்கவைப்பாள். கேன்டீனில் யார் யாரோடு சண்டை என்று கதை சொல்வாள். அதெல்லாம் நின்றுபோயிருந்தது. அவள் செய்கிற வேலையில் மட்டும் ஒரு குறையும் இல்லை.

சாயங்காலச் சாப்பாடு சிவராஜ் பொறுப்பு. அவர் பிடிக்கிற உருண்டை ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழம் அளவு இருக்கும். மூக்கில் பாதி, வாயில் பாதி. "ஏன்யா, கொலை பண்ணப் பாக்கறியா?" என்று அவள் திட்டுவாள். அவர் சிரிப்பார். அப்புறம் முகம் வாடி, "என் தப்புதான் கலா. பாத்ரூம்ல பாசி புடிச்சிருக்குது, தேய்ச்சு வுடுன்னு நீ எப்பவோ சொன்ன. நான்தான் தறியே கதின்னு இருந்துட்டேன்" என்பார். சொன்னதோடு நிற்கவில்லை. ஒரு நாள் தறியை விட்டு இறங்கி, பிளீச்சிங் பவுடரைக் கொட்டி, பாத்ரூம் தரையை முட்டி போட்டுத் தேய்த்தார். முதுகு பிடித்துக்கொண்டு மறுநாள் நெய்ய முடியாமல் படுத்துவிட்டார். கலாவதி இடது கையால் அவர் முதுகில் தைலம் தடவிக்கொண்டே, இப்போது சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனந்தகுமார் டிரில்லர் வாங்கி வந்து, சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி பொருத்தினான். பொருத்தி முடிக்கும்வரை அவன் அம்மாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை. வேலையில் கவனமாக இருக்கிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

எதிர்வீட்டு மணியம்மாள்தான் பொல்லாதவள். நல்ல மனசுக்காரி, ஆனால் வாய் ஓயாது. கலாவதிக்கு மருமகள் ஊட்டுவதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். "பெத்த பொண்ணுகூட இப்படிப் பாக்காது கலா. வேற எடத்துப் பொண்ணுன்னு இன்னா பேச்சு பேசினே? இப்ப பாத்தியா?" என்று முகத்துக்கு நேராகக் கேட்பாள். கலாவதி தலையை ஆட்டுவாள். அந்த நேரம் சத்யப்ரியா அடுப்படியில் இருந்தால் பாத்திரச் சத்தம் நின்றுவிடும். அத்தை என்ன பதில் சொல்கிறாள் என்று கேட்கிறாளோ? கலாவதி ஒரு பதிலும் சொன்னதில்லை.

தீபாவளி நெருங்கியது. தலை தீபாவளிக்கு அழைக்கக் கூரத்திலிருந்து சத்யப்ரியாவின் அப்பா முருகேசனும் அம்மா செல்லியம்மாளும் தட்டு வரிசையோடு வந்தார்கள். போனில் விசாரித்திருந்தாலும், நேரில் மாவுக்கட்டைப் பார்த்ததும் செல்லியம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஐயோ, சோறு திங்கிற கையாச்சே சம்பந்தி!" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையை அப்படியே எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தாள். "பிரண்டைத் துவையல். எலும்பு சீக்கிரம் கூடும். நம்ம வேலியில கெடந்ததுதான். ரெண்டு இட்லிக்குத் தொட்டுக்கினு சாப்பிடுங்க."

பிரண்டை நறுக்கினால் கை அரிக்கும். செல்லியம்மாளின் விரல்கள் இன்னும் சிவந்து தடித்திருந்ததைக் கலாவதி பார்த்தாள். மடியிலிருந்த தன் கையை இழுத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"இந்தக் கையோட நல்ல நாளும் அதுவுமா அடுப்பாண்ட நிக்காதீங்க. புள்ளைங்க எப்படியும் வரப் போவுதுங்க. நீங்களும் அண்ணனும் காலையில வந்துடுங்க. எல்லாருமா அங்கயே சாப்பிட்டுக்கலாம்."

"எதுக்கு சம்பந்தி? இந்தக் கோலத்தோட..." என்று கலாவதி இழுத்தாள்.

"வர்றோம்மா, வர்றோம்" என்று சிவராஜ் சந்தோஷமாகச் சொல்லிவிட்டார்.

தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலமே பிள்ளையும் மருமகளும் கூரம் கிளம்பினார்கள். போவதற்கு முன் சத்யப்ரியா ஒரு காரியம் செய்திருந்தாள். கலாவதியின் புது ரவிக்கையில் வலது கைத் தையலை மேலிருந்து கீழ்வரை பிரித்து, ஓரம் மடித்துத் தைத்து, வரிசையாக டிச் பட்டன் வைத்திருந்தாள். மாவுக்கட்டின் மேல் போட்டு அழுத்தினால் போதும். காலையில் உடுத்திவிட வந்த மணியம்மாள் அதை விரித்துப் பார்த்து அசந்துபோனாள். "எவளுக்குத் தோணும் இது? ஆஸ்பத்திரி நர்சுக்குக்கூடத் தோணாது!" என்றாள். ஒவ்வொரு பட்டனாக அழுத்தும்போது டிக் டிக்கென்று சத்தம் வந்தது. கலாவதிக்கு அழுகை வந்தது. கை வலிக்கிறது என்று சொல்லிவைத்தாள்.

வயிறு சரியில்லை என்று சொல்லி அன்றைக்குச் சாப்பிடாமல் தப்பித்துவிடலாம் என்பது அவள் திட்டம். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு ஸ்பூனையும் பையில் போட்டுக்கொண்டாள். கூரத்து வீட்டில் இரண்டும் செல்லவில்லை. கூடத்தில் பந்தியாக இலை போட்டிருந்தது. முருகேசனின் அக்கா, தம்பி பெண்டாட்டி, பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று ஒரு கூட்டமே இருந்தது. இலையில் இட்லியும் கறிக்குழம்பும் வடையும் வந்தன. கலாவதி ஸ்பூனைத் தேடிப் பைக்குள் கைவிட்டபோது, செல்லியம்மாள் எதிரில் வந்து சப்பணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அதெல்லாம் எதுக்கு? நான் இல்ல?"

இட்லியைக் குழம்பில் பிசைந்து, எலும்பு இல்லாத துண்டாகத் தேடி எடுத்து வைத்து, வாயருகே நீட்டினாள். "வாயத் தொறங்க சம்பந்தி. கொழந்தைன்னு நெனச்சுக்குங்க."

கூடமே பார்த்தது. "வூட்ல மருமக ஊட்டறா, வந்த எடத்துல சம்பந்தி ஊட்டறா. குடுத்து வெச்சவங்கம்மா நீங்க" என்று முருகேசனின் அக்கா சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். கலாவதியும் சிரிக்கப் பார்த்தாள். வாய்க்குள் இருந்த இட்லி எந்தப் பக்கமும் போகவில்லை. தண்ணீர் கேட்டாள். சொம்போடு வந்தது சத்யப்ரியா. புதுப் புடவையும் தலை நிறையப் பூவுமாக, பிறந்த வீட்டுக் களையில் இருந்தாள். அவளைப் பார்த்ததும் செல்லியம்மாள் ஊட்டுவதை நிறுத்தாமலே திரும்பினாள்.

"ஏன்டி, பெரியவங்க இருக்கிற வீடு. பாத்ரூமை நீ கழுவி வெச்சா ஆவாதா? வேலைக்குப் போற திமிரா? இவங்க விழுந்ததுக்கு நீதான் பொறுப்பு, தெரிஞ்சுக்கோ."

அத்தனை பேர் எதிரில் அது விழுந்தது. சத்யப்ரியா சொம்பைக் கீழே வைத்தாள். முகத்தில் ஒன்றும் காட்டாமல், "ஆமாம்மா. என் தப்புதான்" என்றாள்.

அதற்குப் பிறகு என்ன சாப்பிட்டோம் என்று கலாவதிக்குத் தெரியவில்லை.

சாப்பிட்டு முடித்ததும், வாய் கொப்பளிக்கத் தோட்டத்துக் குழாயடிக்கு அவளைச் செல்லியம்மாளே கூட்டிக்கொண்டு போனாள். தெருப் பக்கம் வெடிச் சத்தம் காதைப் பிளந்தது. தோட்டத்தில் வேறு யாரும் இல்லை. செல்லியம்மாள் மக்கில் தண்ணீர் மோந்து, தன் விரலாலேயே கலாவதியின் முகவாயைத் துடைத்துவிட்டாள். அந்த விரல் பட்டதும் கலாவதிக்குள் என்னவோ உடைந்தது.

"சம்பந்தி, நான் வழுக்கி விழல."

வெடிச் சத்தத்தில் செல்லியம்மாளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. "என்னாது?"

"நான் விழல. உங்க பொண்ண அடிக்கக் கை ஓங்கினேன். அவ நவுந்துக்கினா. நிலையில பட்டு ஒடஞ்சுது."

செல்லியம்மாள் மக்கைத் தொட்டியின் விளிம்பில் வைத்தாள். அது நிற்காமல் உள்ளே விழுந்தது. அதை எடுக்கவில்லை.

"எதுக்கு அடிக்கப் போனீங்க?"

"ஒண்ணுமில்லாததுக்கு. ஈரக் கோட்டைத் தறியாண்ட மாட்டிட்டா. அதுக்கு நான் உங்களை இழுத்துப் பேசினேன். எங்கம்மாவச் சொல்லாதீங்கன்னா. அதான்."

"அவ மேல பட்டுதா?"

"இல்ல."

"பட்டிருந்தா?"

கலாவதி தலையைக் குனிந்துகொண்டாள். செல்லியம்மாள் அவள் கைக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எலும்பு உடைகிற வேகத்தில் அது எங்கே விழ இருந்தது என்று கணக்குப் போடுகிறாள் என்று கலாவதிக்குப் புரிந்தது.

"நாங்க ஒரு நாளும் அவளைத் தொட்டதில்ல" என்றாள் செல்லியம்மாள். சத்தமாகச் சொல்லவில்லை. சேலைத் தலைப்பில் தன் கையைத் துடைத்துக்கொண்டாள். ஒரு தடவை துடைத்து, மறுபடியும் துடைத்தாள். "உள்ள போங்க. எல்லாரும் இருக்காங்க. நல்ல நாளு."

அன்றைக்குப் பொழுது போகும்வரை உபசாரத்தில் ஒன்றும் குறையவில்லை. காப்பி வந்தது, பலகாரம் வந்தது. கொண்டுவந்தவர்கள் வேறு வேறு ஆட்கள். நடுவில் அம்மாவும் மகளும் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வெளியே வந்தபோது சத்யப்ரியாவின் கண் சிவந்திருந்தது. கிளம்பும் நேரத்தில் வெற்றிலை பாக்கும் குங்குமமும் முருகேசனின் அக்கா கையால் வந்தன. செல்லியம்மாள் தூணுக்குப் பக்கத்தில் நின்று, "போயிட்டு வாங்க" என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னாள்.

மறுநாள் அமாவாசை. கலாவதி வீட்டில் நோன்பு. அதனால் பிள்ளையும் மருமகளும் அன்றே திரும்ப வேண்டியிருந்தது. ஆண்கள் பைக்கில் முன்னால் போனார்கள். பின்னால் ஆட்டோவில் கலாவதியும் சத்யப்ரியாவும். ஊர் எல்லை தாண்டியதும் சத்யப்ரியா திரும்பினாள்.

"எதுக்குச் சொன்னீங்க?"

"மனசு கேக்கலம்மா. உன்னை அப்படிச் சொன்னதும்..."

"உங்க மனசு கேக்கலன்னு, அதை எடுத்து எங்கம்மா மனசுல போட்டுட்டு வந்துட்டீங்க."

ஆட்டோ குலுங்கியது. கலாவதி கட்டுப் போட்ட கையை இடது கையால் பிடித்துக்கொண்டாள். வழக்கமாக இப்படிக் குலுங்கும்போது சத்யப்ரியாதான் பிடித்துக்கொள்வாள்.

"நான் உங்களுக்காக மறைச்சேன்னு நெனச்சீங்களா? எங்கம்மாவுக்காக மறைச்சேன். இந்தக் கல்யாணத்துக்கு எங்க பக்கத்துல எத்தனை பேருக்கு அவங்க பதில் சொன்னாங்க தெரியுமா? பொண்ணு நல்லா இருக்குதுன்னு இப்பத்தான் நிம்மதியாத் தூங்கறாங்க. இனிமே போன் பண்ணினா, நான் சும்மா நல்லா இருக்கேன்னு சொன்னாலும் நம்புவாங்களா?"

கலாவதி கட்டுக் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அடிக்க வந்தது என்னை. இத்தினி நாளாக் குளிப்பாட்டி விட்டேன், ஊட்டி விட்டேன். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லத் தோணல. எங்கம்மாகிட்டப் போய்ச் சொல்றீங்க."

"தப்புப் பண்ணிட்டேன்மா" என்றாள் கலாவதி. இத்தனை நாளும் தொண்டையில் நின்ற வார்த்தை இப்போது வந்தது. வந்த இடம் சரியில்லை, நேரமும் சரியில்லை. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார். சத்யப்ரியா வெளிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் வழக்கம்போல அவள் குளிப்பாட்டினாள், தலை பின்னினாள். முன்பே பிசைந்து வைத்திருந்த மாவைத் தட்டி அதிரசம் சுட ஆரம்பித்தாள். முதல் அதிரசம் எண்ணெயில் பிரிந்துபோனது. அடுத்தது தேறியது. கலாவதி சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"உங்க மாமாகிட்டயும் ஆனந்துகிட்டயும் சொல்லிடட்டுமா? உன்னைக் கேக்காம சொல்ல மாட்டேன்."

சத்யப்ரியா ஜல்லிக் கரண்டியால் அதிரசத்தை அழுத்தி எண்ணெயை வடித்தாள். "ஆனந்துக்குத் தெரியும். அன்னிக்கே சொல்லிட்டேன்."

 கலாவதி கதவைப் பிடித்துக்கொண்டாள். தெரிந்தேதான் கம்பி பொருத்தினானா? தெரிந்தேதான் தினமும் வேலைக்குப் போகும்போது "வர்றேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனானா?

"என்ன சொன்னான்?"

"தனியா வீடு பாக்கலாம்னாரு. கை சரியாவட்டும், அப்புறம் பேசலாம்னு நான் சொன்னேன்." அடுத்த அதிரசத்தை எண்ணெயில் விட்டாள். "இன்னும் பேசல. அது உங்க கையிலதான் இருக்குது. இன்னொரு தபா கை ஓங்கினா, நான் எதையும் மறைக்க மாட்டேன், ஒரு நிமிஷம் இங்க இருக்கவும் மாட்டேன். எங்கம்மாவைப் பத்தியும் பேசக் கூடாது."

"பேச மாட்டேன். கை ஓங்கவும் மாட்டேன்."

"மாமாகிட்டச் சொல்லிடுங்க. பாவம், அவரு பாத்ரூமையே தேய்ச்சுக்கினு இருக்காரு. தெருவுல மட்டும் வேணாம். உங்க பேரோட என் பேரும் எங்கம்மா பேரும் சேந்துதான் அடிபடும்."

சிவராஜிடம் மத்தியானம் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். "நீயா கலா?" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து வெளியே போனார். திரும்பி வர வெகு நேரமாயிற்று.

சாயங்காலம் தெருமுனைக் கோயிலில் நோன்புத் தட்டுகளோடு பெண்கள் கூட்டம். அதிரசத்தையும் பழத்தையும் படைத்து, மஞ்சள் கயிறு வாங்கிக் கையில் கட்டிக்கொள்கிற நேரம். வருஷா வருஷம் வீட்டில் எல்லோருக்கும் கயிறு கட்டிவிடுவது கலாவதிதான். ஒற்றைக் கையால் எப்படிக் கட்டுவது? சத்யப்ரியா கயிற்றை எடுத்து, "மாமா, நீங்க கட்டுங்க" என்று சிவராஜிடம் கையை நீட்டினாள். கலாவதி ஒதுங்கி நின்றாள். அவளுக்கும் அவரே கட்டினார். முடிச்சை மட்டும் பார்த்துக் கட்டினார்.

"பாரேன், அதிரசம் எப்படி வந்திருக்குது!" மணியம்மாள் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தாள். "எல்லாம் மருமக கைவேலை. நீ குடுத்து வெச்சவ கலா. இனிமேலாவது பாத்ரூம்ல பாத்துப் போ, இன்னா?"

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எல்லார் முகத்திலும் அவளுக்காகப் பரிதாபம். இல்லை, நான் விழவில்லை என்று கத்திவிட்டால் நெஞ்சு லேசாகிவிடும். சத்யப்ரியா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா மணி" என்றாள் கலாவதி. "பாத்துத்தான் போவணும்."

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டை அவள் யாரையும் ஊட்டவிடவில்லை. இடது கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து, எல்லாரோடும் உட்கார்ந்து, ஸ்பூனால் சாப்பிட்டாள். மடியிலும் தரையிலும் சிந்தியது. ஆனந்தகுமார் எழுந்து வரப் பார்த்தான். "இருப்பா. நானே துன்னுக்கறேன்" என்றாள். சிந்தியதைத் துணி வைத்துத் தானே துடைத்தாள்.

அந்த வாரத்தில் கூரத்துக்கு அவளாகவே போன் செய்தாள். மணி அடித்து அடித்து நின்றது. அடுத்த நாளும் யாரும் எடுக்கவில்லை. எடுக்க மாட்டாள் என்று தெரிந்தும், மாத்திரை போட்டுக்கொள்வது போலத் தினமும் செய்தாள். ஒரு நாள் மத்தியானம் எதிர்முனையில் குரல் கேட்டது.

"சொல்லுங்க." சம்பந்தி என்ற வார்த்தை கூட வரவில்லை.

"சும்மாதான் பண்ணினேன். அங்க மழை உண்டா?"

"உண்டு. வரப்பு மூழ்கற அளவுக்கு."

"அண்ணன் எப்படி இருக்காரு?"

"இருக்காரு."

 செல்லியம்மாள் போனை வைத்துவிடுவாள் என்று கலாவதி காத்திருந்தாள். வைக்கவில்லை.

"சத்யாவுக்கு ரெண்டு நாளா இருமலு" என்றாள் செல்லியம்மாள். "போன்ல பேசினாலே கொரலு கம்முது. கஷாயம் எதுனா வெச்சுக் குடுத்தீங்களா?"

கலாவதிக்கு முகம் சுருங்கியது. தினமும் பக்கத்தில் உட்கார்ந்து தலை பின்னிவிடுகிறவளின் இருமல் அவள் காதில் விழுந்ததுதான். தன் வெட்கத்தையே நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு அது ஒரு விஷயமாகப் படவில்லை.

"இல்ல" என்றாள். "குடுக்கல. இப்ப வெக்கறேன்."

"மெளகு கம்மியாப் போடுங்க. காரம் இருந்தா அவ குடிக்க மாட்டா" என்று சொல்லிவிட்டுச் செல்லியம்மாள் போனை வைத்தாள்.

கலாவதி சமையலறைக்குப் போனாள். சத்யப்ரியா வேலைக்குக் கிளம்ப இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. இடிக்கிற கல்லைத் தரையில் வைத்து, இரண்டு பாதத்துக்கும் நடுவில் அது நகராமல் இடுக்கிக்கொண்டு, கொஞ்சம் மிளகைப் போட்டு இடது கையால் இடித்தாள். பழக்கமில்லாத கை. மிளகு நாலா பக்கமும் தெறித்தது. குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, ஊதிவிட்டு, மறுபடி கல்லில் போட்டாள்.